கணக்குப் பார்ப்பவர் மேல் சுமத்தும் பழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எந்த மேசையில் போய் உட்கார்ந்தாலும் ஒரு தீர்ப்பு அங்கே தயாராகக் காத்திருக்கும். தன் பாத்திரத்தின் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, எந்தத் திறனை எந்த லெவலில் எடுத்தால் பலன் அதிகம் என்று யோசித்து உருவாக்கி வருகிறவருக்குக் கதையில் அக்கறை கிடையாது. அவர் ஜெயிக்க வந்தவர். அவரால் மற்றவர்கள் ஆட்டம் கெட்டுப்போகும். பவர்கேமர், மின்மேக்ஸர், மஞ்ச்கின் என்று அவருக்கு வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றுகூட நல்ல பெயர் இல்லை. அதே மேசையில், அறிவுக்கு வெறும் எட்டுப் புள்ளி வைத்து ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்து, "எனக்கு நம்பர் எல்லாம் முக்கியமில்லை, கதைதான்" என்கிறவரை எல்லோரும் மெச்சுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு அநியாயமானது. சில மேசைகள் கெட்டுப்போவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெடுப்பது எது என்று பார்க்கிற பொறுமை இல்லாமல், கண்ணில் முதலில் படுகிற ஆளைப் பிடித்து உதைக்கிறோம். அந்த ஆள் பல நேரங்களில் அந்த மேசையிலேயே மற்றவர்களுக்காக அதிகம் யோசித்து வந்தவர்.

ஆடிப் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு செயல் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடையும், பாத்திரத் தாளில் எழுதியிருக்கும் எண்ணும் சேர்ந்து முடிவு செய்யும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட இந்த ஆட்டம், மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. கைகாக்ஸ் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிப் புத்தகத்தை ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதியவர். எண்ணும் கணக்கும் இந்த ஆட்டத்துக்குள் பின்னால் நுழைந்த அந்நியர்கள் என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். கணக்குதான் முதலில் வந்தது. நடிப்பு அதன்மேல் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் இது சதுரங்கமாகவும் ஆகவில்லை, நாடகமாகவும் ஆகவில்லை.

1980-லேயே கிளென் பிளாகோ என்பவர் இந்த ஆட்டக்காரர்களின் விருப்பங்களை நான்காகப் பிரித்து எழுதினார். வலிமை சேர்ப்பது அந்த நான்கில் ஒன்று. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடும் ஆட்டக்காரர்களுக்கு இன்பம் தருபவை என்று நடிப்பையும் கதையையும் சொல்கிற அதே வரிசையில் பாத்திரத்தைச் செதுக்குவதையும் சொல்கிறது. புத்தகமே ஏற்றுக்கொண்ட ஒரு சந்தோஷத்தை மேசை ஏன் வெட்கப்பட வேண்டிய ஒன்றாக்குகிறது?

இதற்கு ஒரு பழைய பதிலும் இருக்கிறது. டெம்பஸ்ட் ஸ்டார்ம்விண்ட் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர், நன்றாகக் கணக்குப் போடுகிறவரால் நன்றாக நடிக்க முடியாது என்று நினைப்பது தர்க்கப் பிழை என்றார். இன்றும் அதை ஸ்டார்ம்விண்ட் பிழை என்றே சொல்கிறார்கள். அவர் சொன்னது சரி. என் வருத்தம், வாதம் அங்கேயே நின்றுவிட்டது என்பதுதான். இரண்டு திறமையும் ஒருவரிடம் இருக்கலாம் என்று நிரூபித்துவிட்டால் கணக்குப் போடுகிறவருக்கு விடுதலை கிடைக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் என்ன கிடைக்கும்? நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், அக்கறையோடு கணக்குப் போடுவது மற்ற மூவருக்குச் செய்யும் உபகாரம். கணக்கே பார்க்க மாட்டேன் என்பதை எல்லா நேரத்திலும் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது.

அந்த எட்டுப் புள்ளி மந்திரவாதியையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் பதிப்பு விதிப்படி, அறிவு 16 இருக்கும் முதல் லெவல் மந்திரவாதியின் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி பகடையில் 13 எடுக்க வேண்டும். அறிவு 8 என்றால் 9 எடுத்தால் போதும். கூட்டல் எண் எதுவும் இல்லாத ஒரு சாதாரண எதிரி முதலாமவரிடமிருந்து நூற்றுக்கு 40 தடவை தப்புவான். இரண்டாமவரிடமிருந்து 60 தடவை. தப்பியவன் சும்மா போவதில்லை. முன்வரிசையில் கேடயத்தோடு நிற்கும் ஃபைட்டர்மேல் பாய்கிறான். குணப்படுத்தும் கிளெரிக் தன் மந்திரங்களை எல்லாம் அந்த ஃபைட்டரை எழுப்பி நிறுத்தவே செலவழிக்கிறார். மந்திரவாதியை ஆடுகிறவருக்குத் தன் பாத்திரத்தின் இயலாமையைப் பற்றி உருக்கமாகப் பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. அதற்கான விலையைக் கொடுத்தது வேறு இரண்டு பேர்.

பலவீனமே பாத்திரத்துக்கு ஆழம் தரும் என்கிறார்கள். தரும், ஆட்டம் அதற்கு இடம் வைத்திருந்தால். 'டன்ஜன் வேர்ல்ட்' ஆட்டத்தில் பகடை தோற்றால் அனுபவப் புள்ளி ஒன்று கிடைக்கும். ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆட்டத்தில் பாத்திரம் தன் கெட்ட பழக்கத்தோடும் மனக்காயத்தோடும் மல்லுக்கட்டினால் அதற்கும் புள்ளி உண்டு. 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தில் மனிதர்கள் நொறுங்குவதுதான் கதையே. அங்கெல்லாம் தோல்விக்கு விதியே கூலி கொடுக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தோல்விக்கு அப்படிக் கூலி இல்லை. இங்கே ஒருவரின் பலவீனத்தை மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். சுமக்கச் சம்மதம் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது அழகான கதை. கேட்காமல் தலையில் ஏற்றினால் அது சுயநலம்தான்.

அது போக, உயிரைப் பணயம் வைத்துக் குகைக்குள் இறங்கிப் பிழைக்கிற ஒரு ஆள் தன் தொழிலில் தேர்ந்தவராக இருப்பதில் என்ன பொய் இருக்கிறது? கத்தி பிடிக்கத் தெரியாத கூலிப்படை வீரரைத்தான் எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

"கணக்கே வேண்டாம், மனசுக்குப் பிடித்ததை எடு" என்ற அறிவுரையால் அதிகம் அடிபடுவது புதிதாக வந்தவர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பை வடிவமைத்த மூவரில் ஒருவர் மான்டி குக். அந்தப் பதிப்பில் எல்லாத் தெரிவுகளும் சமமில்லை என்றும், விதிகளை ஊன்றிப் படித்தவருக்குப் பலன் கிடைக்கும்படிதான் அதை அமைத்தோம் என்றும் அவரே பின்னாளில் எழுதினார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் 'டஃப்னஸ்' என்ற ஃபீட், அதாவது பாத்திரத்துக்குக் கூடுதலாக எடுக்கும் சிறப்புத் திறன். பெயரைக் கேட்டால் எவ்வளவு கம்பீரம்! கொடுப்பதோ மூன்றே மூன்று உயிர்ப் புள்ளி. முதல் லெவலில், ஒரே நாளில் முடியும் ஆட்டத்தில், நோஞ்சான் மந்திரவாதிக்கு அது உதவலாம். வீரனை ஆட வந்த புதியவர் பெயரில் மயங்கி அதை எடுத்துவிட்டால், அதன் பிறகு எத்தனை லெவல் ஏறினாலும் அந்த இடம் வீண்தான். இன்ன இடத்தில்தான் இது உதவும் என்று புத்தகம் அவருக்குச் சொல்லவில்லை.

புத்தகம் சொல்லாததை யார் சொல்வது? மேசையில் கணக்குத் தெரிந்த அந்த ஒருவர்தான். அவரையே கெட்டவராக்கி வாயடைத்து வைத்திருக்கிறோம். அதன்பின் புதியவர் மூன்று மாதம் தன் முறைக்கெல்லாம் பகடை உருட்டித் தவறவிட்டு, இந்த ஆட்டம் நமக்கு வராது என்று எழுந்து போகிறார். அவருக்கு ஆடத் தெரியாமல் போகவில்லை. தாளில் எழுதிக்கொண்டது தவறு. பத்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம்.

இனி, கணக்கு எப்படி உபகாரமாகிறது என்பதற்கு வருகிறேன். ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதிக்கு 'ஃபைண்ட் ஃபெமிலியர்' என்றொரு முதல் லெவல் மந்திரம் உண்டு. ஒரு சின்னப் பிராணியைத் துணைக்கு அழைக்கலாம். விவரம் தெரிந்தவர் ஆந்தையைத்தான் எடுப்பார். ஆந்தை இருட்டில் பார்க்கும், எதிரியின் பக்கத்தில் பறந்து போய்விட்டு அடி வாங்காமல் விலகி வரும். இந்த ஆந்தையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். முதல் விதம்: குகைக்குள் யார் முதலில் போய் வேவு பார்ப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஆந்தையை அனுப்பிவிடுவது. ஆபத்தில்லை, வேலை சுத்தமாக முடியும். ஆனால் பதுங்கிப் போவதற்கென்றே ரோக் பாத்திரத்தை உருவாக்கிக் கொண்டுவந்த பெண் அன்று முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டாம் விதம்: வேவு பார்ப்பதை அவரிடமே விட்டுவிட்டு, சண்டையில் ஆந்தையை எதிரியின் முகத்துக்கு நேரே பறக்கவிட்டு 'ஹெல்ப்' கொடுப்பது. அந்த எதிரியைத் தாக்கும்போது ரோக் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம்; தாக்குதல் பட்டால் 'ஸ்னீக் அட்டாக்' பகடைகளும் சேரும். ஐந்தாம் லெவலில் அது மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி பத்தரை. மந்திரவாதியின் தாளில் அந்தப் பத்தரை எங்கும் வராது. பகடையை அள்ளி உருட்டுவதும், எதிரி விழும்போது கத்துவதும் அந்தப் பெண்தான்.

இரண்டிலும் ஒரே ஆந்தை, ஒரே விதி, ஒரே அளவு கணக்கறிவு. முதல் ஆளைப் பார்த்துவிட்டு "கணக்குப் போடுகிறவர்கள் எல்லாம் இப்படித்தான்" என்பவர், இரண்டாம் ஆளைக் கவனிப்பதே இல்லை. கவனிக்க முடியாதபடி அல்லவா அவர் ஆடுகிறார்!

'பிளெஸ்' மந்திரமும் அப்படித்தான். கிளெரிக் அதைப் போட்டால் மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு நான்குமுகப் பகடை கூடுதலாகக் கிடைக்கும். பார்க்க அற்பம். 2014 விதிப்படி 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' என்ற ஃபீட்டை எடுத்த வீரர், குறி தவறும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டு அடியில் பத்தைக் கூட்டலாம். அவருடைய வீச்சு நூற்றுக்கு 35 தடவைதான் படும் என்கிற நிலையில் பிளெஸ் இருந்தால் ஏறத்தாழ 47 தடவை படும். வீச்சுக்கு வீச்சு மூன்றில் ஒரு பங்கு லாபம். அடித்த பெருமை முழுவதும் அவருக்கு. கிளெரிக்கை ஆடுகிறவர் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

நான் நடத்திய ஒரு ஆட்டத்தில் ட்ரூயிட் ஆடிய இளைஞர் ஒருவரை மறக்க முடியாது. 'கன்ஜூர் அனிமல்ஸ்' மந்திரத்தால் எட்டு ஓநாய்களை வரவழைப்பார். 2014 விதிகளில் அது பேர்போன தொல்லை. எட்டு ஓநாய், ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு பகடை, பட்டால் எதிரி கீழே விழுகிறானா என்று இன்னொரு உருட்டு. ஒருவர் முறை முடிவதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம். டன்ஜன் மாஸ்டர்கள் பலர் அந்த மந்திரத்தையே தடை செய்திருந்தார்கள். இவர் எட்டு நிறத்தில் ஜோடி ஜோடியாகப் பகடை வாங்கி வைத்திருந்தார். தன் முறை வருவதற்கு முன்பே எந்த ஓநாய் எங்கே என்று முடிவு செய்து, அத்தனையையும் ஒரே வீச்சில் உருட்டுவார். அடிக்குத் தனியாக உருட்டாமல் சராசரி ஏழு என்று என்னிடம் முதலிலேயே பேசி வைத்திருந்தார். மற்றவர்கள் ஒரு மந்திரத்தைப் படித்து முடிக்கும் நேரத்தில் எட்டு ஓநாயும் கடித்து முடித்திருக்கும்.

ஒருநாள் பாலடின் ஆடிய பெண்ணின் பாத்திரம் சண்டையின் தொடக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டது. சண்டை முடிய நேரமாகும். அதுவரை தன் முறைக்கு ஒரு பகடை உருட்டிச் சாவதா பிழைப்பதா என்று பார்ப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. போனை எடுத்துவிட்டார். இந்த இளைஞர் நாலு நிறப் பகடைகளை அவர் பக்கம் தள்ளி, "அக்கா, இந்த நாலு ஓநாயை நீங்க பாத்துக்கோங்க, அந்த மந்திரக்காரன் பக்கம் விடுங்க" என்றார். போன் பைக்குள் போனது. அதன் பிறகு அந்த நாலு ஓநாய்களுக்கும் பெயர் வந்தது, குணம் வந்தது. ஒன்று செத்தபோது மேசையே உச்சுக்கொட்டியது. நடிப்பும் கதையும் இல்லாமலா போயின?

இதையெல்லாம் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதம் எனக்குத் தெரியும்: "விதியில் இருக்கிறது, செய்தேன்." அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. விதி அனுமதிக்கிறது என்பதும் மேசை தாங்கும் என்பதும் வேறு வேறு. ஒரு பாத்திரம் சுற்றுக்கு நாற்பது அடிக்கிறது, மற்ற மூன்றும் ஆளுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்ஜன் மாஸ்டர் எதிரியின் உயிர்ப் புள்ளியைக் கூட்டினால் அந்த மூவர் அடிப்பதற்குப் பொருளே இல்லாமல் போகும். எதிரியின் அடியைக் கூட்டினால் அந்த மூவர்தான் முதலில் சாவார்கள். கூட்டாமல் விட்டால் சண்டை இரண்டாம் சுற்றில் முடியும். மூன்று வழியும் அடைபட்டு நிற்கிற டன்ஜன் மாஸ்டரின் எரிச்சல் நியாயமானது. ஆனால் அங்கே சிக்கல் நாற்பது என்ற எண்ணில் இல்லை. நாற்பதுக்கும் பத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. எல்லோரும் நாற்பது அடிக்கும் மேசையில் அதே பாத்திரம் சாதாரணமானது. கூட வருகிறவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கேட்காமலே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செதுக்கினதுதான் அந்த ஆளின் குற்றம்.

கேட்டிருந்தால் வழி நிறைய உண்டு. தன் அறிவையெல்லாம் பிறரைத் தூக்கிவிடும் பாத்திரத்தில் போடலாம். பூட்டுத் திறக்க ஆள் இருக்கும் குழுவில், பூட்டைத் திறக்கும் 'நாக்' மந்திரத்தை விட்டுவிடலாம். கதைக்குப் பிடித்த, பலமில்லாத ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு, அதை மற்றவர்களுக்குச் சமமாக நிற்கவைக்கும் அளவுக்குக் கணக்கை உழைக்கவிடலாம். நல்ல ஆப்டிமைசர்கள், அதாவது கணக்குப் போட்டுச் செதுக்குகிறவர்கள், மிகவும் ரசித்துச் செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான். பலமானதை இன்னும் பலமாக்க அவ்வளவு மூளை தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைப்பேன்: அடுத்தவர் முறையில் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று வாய் போடக் கூடாது. கேட்டால் சொல்லலாம். புதியவரின் பாத்திரத் தாளைப் பிடுங்கித் தானே நிரப்புவதும் உதவி ஆகாது.

தெருக் கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிற அண்ணன் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவர் பந்தை எல்லாம் தானே ஆடினால் சண்டை வரும். ஒரு ரன் ஓடி, பொடியனிடம் ஸ்ட்ரைக்கைக் கொடுத்து மறுமுனையில் நின்று சொல்லிக்கொடுத்தால் தெருவே அவரைத் தேடும். "நீ நன்றாக ஆடக் கற்றுக்கொண்டதே தப்பு" என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்வதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழி சொல்கிறவர்கள் கடைசியாக எடுத்துக் காட்டுவது பன்-பன். 3.5 பதிப்பின் புத்தகங்களை ஒன்றோடொன்று கோத்து, கோபால்ட் என்ற அற்பப் பிராணி ஒன்று எல்லையற்ற ஆற்றல் பெறும்படி காகிதத்தில் உருவாக்கினார்கள். பார்த்தீர்களா, இவர்களை விட்டால் இங்கேதான் போய் முடியும் என்கிறார்கள். பன்-பன்னை மேசையில் ஆடுவதற்காக யாரும் உருவாக்கவில்லை. விதிகளின் ஓட்டை எவ்வளவு பெரிது என்று காட்ட எழுதிய கணக்கு அது. அந்த ஓட்டையை வைத்தது புத்தகம். 2024-ல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேடு கிரேட் வெப்பன் மாஸ்டரின் அந்தப் பத்தை எடுத்துவிட்டது. கன்ஜூர் அனிமல்ஸை அடியோடு மாற்றி எழுதியது. தவறு எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டு வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யார்? அதே ஆப்டிமைசர்கள்தான்.

ஆகவே டன்ஜன் மாஸ்டராக இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்று. 2020-ல் வந்த 'டாஷாவின் கால்ட்ரன்' புத்தகம் ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசும் செஷன் ஜீரோவுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது. பலமான தாளோடு ஒருவர் வந்தால், தடைப்பட்டியலை நீட்டுவதற்குப் பதில் அந்த நாளில் அவரிடம் கேளுங்கள்: இந்தப் பாத்திரம் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்யும்? அவர் பதில் சொல்லத் திணறினால், இன்னொரு வாரம் அவகாசம் கொடுத்து மாற்றி எழுதிவரச் சொல்லுங்கள். உதவுவதற்கு அவரைவிட விதி தெரிந்த ஆள் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. புதியவர் பக்கத்தில் அவரை உட்காரவையுங்கள். அதற்கும் மறுத்தால் தாராளமாக வெளியே அனுப்புங்கள். காரணம் கேட்பவர்களிடம், அவர் யாரையும் சேர்த்துக்கொண்டு ஆட மறுத்தார் என்று சொல்லுங்கள். கணக்குத் தெரிந்தவர் என்பதால் அனுப்பினோம் என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த மேசையில் ஒருவர் எட்டு நிறத்தில் பகடை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.